இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது

சமுதாயக் கல்லூரியின் பின்கட்டில்
செவ்வாயும் வியாழனும், ஆறிலிருந்து ஒன்பது.
இடப்பக்கம் வெல்டிங், வலப்பக்கம் டீசல் எஞ்சின்,
நடுவில் நாங்கள், ரத்தம் எடுக்கப் படிப்பவர்கள்.
சுவரைத் தாண்டி இரும்பு கருகும் வாடை வரும்.
மார்லா ஜன்னலைத் திறப்பார்.
நெப்ராஸ்காவின் பனி உள்ளே வரும்.
மூடுவார்.

கையேட்டில் எங்கள் படிப்புக்கு அரைப் பக்கம்:
பதினாறு வாரம். நூறு குத்து. ஒரு தேர்வு.
தேறினால் மணிக்குப் பத்தொன்பது டாலர்.
எதிர்ப்பக்கத்தில் லாரி ஓட்டுநருக்கு இருபத்தாறு.
வங்கிக் கிளையை மூடிய வாரத்தில்
இரண்டையும் மாறிமாறிப் பார்த்தேன்.
எனக்குக் காரையே பின்னால் எடுக்க வராது.
அவ்வளவுதான் காரணம்.

முதல் ஐந்து வாரம் ரப்பர் கை.
முகம் சுளிக்காது, கையை இழுத்துக்கொள்ளாது.
ஒரு பை சிவப்புச் சாயம்தான் அதன் இதயம்.
எத்தனை தரம் குத்தினாலும் கோபிக்காத அதற்கு
ஹெரால்டு என்று பெயர் வைத்தோம்.
கைராசி என்று எதுவும் கிடையாது என்பார் மார்லா,
கைப்பழக்கம்தான்.

ஆறாம் வாரம், ஒருவர் கையில் ஒருவர்.
என் எதிரே வந்து உட்கார்ந்தார் எவுசேபியோ.
ஊருக்கு வெளியே மாட்டிறைச்சி ஆலையில் பதினொரு வருஷம்.
கழுத்தில் கத்தி வைக்கும் இடம்.
எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு.
அத்தனையிலும் ஆடாத கை
மெல்லிய ஊசியைப் பிடித்ததும் ஆடியது,
குளிரில் கிளப்பி நிறுத்திய பழைய பிக்கப் மாதிரி.

ஊசியைத் தொடுமுன்
முழுப் பெயரும் பிறந்த தேதியும் கேட்க வேண்டும்.
தெரிந்தவர் என்றாலும். பெற்ற தாயே என்றாலும்.
"உங்கள் முழுப் பெயர்?"
நோரீன் எடித் ப்ரோஹாஸ்கா.
கடைசியாக இதை இவ்வளவு நிதானமாகக் கேட்டவர்
என் விவாகரத்தைப் பதிந்த குமாஸ்தா.
"பிறந்த தேதி?"
சொன்னேன். எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டு
பேனாவை வைத்துவிட்டுச் சற்று சும்மா இருந்தார்.
"அங்கே இதைக் கேட்பதில்லை" என்றார்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
முஷ்டியை மூடினேன்.

பட்டையைக் கட்டினார்.
முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை.
நரம்பு நழுவிவிட்டது.
மார்லா பார்த்தும் பார்க்காதவர்போல் வேறு மேசைக்குப் போனார்.
இரண்டாம் முறைக்கு அனுமதி உண்டு,
மூன்றாவதற்கு வேறு ஆள்.
மறு கையை நீட்டினேன்.
"கண்ணால் தேடாதீர்கள். பதினெட்டு வருஷம் நோட்டு எண்ணியிருக்கிறேன்,
ஒரு கள்ள நோட்டையும் கண்ணால் பிடித்ததில்லை."

கண்ணை மூடிக்கொண்டார்.
விரல் நகர்ந்தது, நின்றது, தாண்டிப் போனது,
திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

ஊதா மூடிக் குழாயில் ஏறியது,
நான் நினைத்திருந்ததைவிடக் கறுப்பாய்.
எட்டுத் தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார்.
என் பெயரை எழுதி ஒட்டினார்.
ஓர் எழுத்து தப்பு. கிழித்துவிட்டு
வேறு சீட்டில் எழுதினார்.

"ஆலையில் சம்பளம் கூடத்தானே?"
"நாலு டாலர் கூட."
"பின்னே ஏன்?"
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.
குழாயைத் தாங்கியில் வைத்தார். கையுறையைக் கழற்றினார்.
"இங்கே எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்."

அடுத்தது என் முறை.
கயிறு கயிறாய்ப் புடைத்த நரம்பு,
வகுப்பே பொறாமைப்படும் கை.
ஆனாலும் விதி விதிதான்.
"முழுப் பெயர்?"
அது நீண்டுகொண்டே போனது, தகப்பன் வழி, தாய் வழி.
படிவத்தின் கட்டம் போதவில்லை.
கோட்டைத் தாண்டி ஓரத்தில் எழுதிக்கொண்டு போனேன்.
பக்கத்து அறையில்
எதையோ எதனோடோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.