ஓமெண்டால்

"ஓமெண்டால் நேராய் அளப்பன்,
இல்லையெண்டால் சரிச்சு"
எண்டு சொல்லியிருந்தாள்
பேர்கனிலிருந்து தர்சாயினி.

பிணைத்து அனுப்பிய ஒளித்துகள் நூறு சோடி.
ஆளுக்கொரு பாதி.
திருநெல்வேலி ஆய்வுகூடத்தில்
என் நூறையும் நேராய்த்தான் அளந்தேன்.
ஒன்று, சைபர், சைபர், ஒன்று,
பூவா தலையா விழுந்தமாதிரி.
அவள் எப்படித் திருப்பினாலும்
இங்கே அதே அரைவாசிக்கு அரைவாசி.
கொப்பியைத் தலைகீழாயும் பிடித்துப் பார்த்தேன்.

அவள் அளந்த கணமே
என்னுடையதும் முடிவாகிவிடுமாம்.
முடிவானது எனக்கெப்படித் தெரியும்?

கரண்ட் போய் வந்தது.
பலாலி வீதியில் உரும்பிராய் பஸ் ஆள் கூவியது.

ஆறேகாலுக்கு, கடலடிக் கம்பி வழியே
அவளுடைய பட்டியல்.
ஒரு சொல் இல்லை, வெறும் இலக்கங்கள்.
பென்சிலால் ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுச்
சரி போட்டேன்.

நூறில் ஐம்பத்தொன்று.

சரிச்சுத்தான் அளந்திருக்கிறாள்.