வயிற்றுவலி

"அப்பவே ஏன் சொல்லல?"
கேட்டவள் மஞ்சுளா. வண்டியில் இருந்தோம்.
ராயக்கோட்டை மண்டி வாசலில்
எங்களுக்கு முன்னால் பதினோரு வண்டி.

சொன்னேன்.
ஒன்பது வயதில் என்னிடம் இருந்த சொற்களில் சொன்னேன்.
வயிறு வலிக்குது என்றேன்; ஓமத்தண்ணி வந்தது.
கணக்கு நோட்டை இனி நான் கொண்டுபோக மாட்டேன் என்றேன்;
சோம்பேறி என்றார் அப்பா.
கிஷ்டப்பா மாமா வாங்கித் தந்த சட்டையை
வரப்போரம் புதைத்தேன்.
நாய் தோண்டி வாசலில் போட்டது,
அதற்கும் எனக்குத்தான் அடி.
பாயை நனைத்தேன். மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார்கள்.
அதுவரைக்குமாவது யோசித்தார்களே.

மாமா என்றால் மாமா இல்லை. கமிஷன் கடை.
தக்காளியைப் பறிக்காமலே ஆட்டுக்கு விட்ட வருஷம்
நாற்றுக்கும் மருந்துக்கும் அவர் பணம்.
எங்கள் வீட்டில் நாற்காலி ஒன்றுதான்; அது அவருக்கு.

"வெளிய சொல்லாத கண்ணு, உங்கப்பாதான் கஷ்டப்படுவாரு."
அது மிரட்டல் என்று விளங்க
எனக்கு முப்பது வயதானது.
அவ்வளவு அக்கறையாகச் சொன்னார்.
ஆம்பளப் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்கிற ஊரில்
வந்ததற்குப் பெயரும் இல்லை.

மஞ்சுளா ஒன்றும் பேசவில்லை.
வரிசை நகர்ந்தது. பத்து.
கியர்மேல் இருந்த என் கையைப் பார்த்து
"தொடலாமா" என்றாள்.
கேட்டுவிட்டுத் தொட்டாள்.

அதெல்லாம் நாலு வருஷத்துக்கு முன்னால்.

போன திங்கள் காலை தேஜா
ஸ்கூல் வேனில் போகமாட்டேன் என்றாள்.
நூற்று நாற்பது பெட்டி ஏற்றிக் கயிறும் இழுத்தாயிற்று.
இன்ஜினை அணைத்தேன்.
அவள் கண்ணுக்கு நேராக என் கண் வரும்படி
தரையில் உட்கார்ந்தேன்.
யார் பெயரையும் நானாக எடுக்காமல்
"என்னடா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
முழங்கால் நடுங்கியதை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

"டீசல் நாத்தம்ப்பா. வாந்தி வருது."

அவ்வளவுதான்.

இருந்தாலும் வேனில் நானும் ஏறி
பள்ளிக்கூட கேட் வரை போனேன்.
ஜன்னலோரம் இடம் மாற்றி வாங்கினேன்.
டீசல் நாற்றத்துக்கே வண்டியை நிறுத்துகிறவன்
வேறெதற்கும் நிறுத்துவான் என்று
அவளுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.

மண்டிக்குப் போனபோது ஏலம் முடிந்திருந்தது.
பெட்டிக்கு நாற்பது ரூபாய் குறைவு.
ஏன் லேட்டு என்றார்கள்.
வயிற்றுவலி என்றேன்.
யாருக்கு என்று
ஒருவரும் கேட்கவில்லை.