பிற காரணங்கள்

சர்வே எண் நூற்றுப் பன்னிரண்டு, உட்பிரிவு மூன்று ஆ.
குலுக்கலில் விழுந்த வயல்.
தென்மேற்கு மூலையிலிருந்து பதினேழு தப்படி,
அங்கிருந்து கிழக்கே ஒன்பது.
நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி
இதுதான் அணைக்கட்டு வட்டாரத்தின் பருத்தி
என்று எழுதிக்கொண்டேன்.

பூங்காவனம் கயிற்றுக்கு வெளியே நின்று
உள்ளே அகப்பட்ட செடிகளைப் பார்த்தார்.
"நல்லதெல்லாம் அந்தாண்ட கீது சார்.
ரெண்டு சால் தள்ளிக் கட்டக் கூடாதா?"
கூடாது.
கண் பார்த்துக் கட்டினால் கணக்கு கெட்டுவிடும்.

முதல் எடுப்பு: ஒரு கிலோ எண்ணூறு.
இரண்டாவது: இரண்டு கிலோ நூறு.
அன்றைக்கு எனக்குப் பன்னீர் சோடா வாங்கி வந்தார்.
மூன்றாவதற்கு ஆள் இல்லை.
ஆம்பூர் ஷூ கம்பெனி வேன்
ஆறரை மணிக்கே ரேஷன் கடை முனையில் நின்று
பருத்தி எடுக்கிற விரல்களையெல்லாம்
ஏற்றிக்கொண்டு போய்விட்டது.
வெடித்த காய் வெடித்தபடி பத்து நாள்.
பதினோராம் நாள் மழை.

நாற்பத்தொரு மில்லிமீட்டர் என்று
மழைமானி ஒத்துக்கொண்டது.
வேனை அளக்க
எங்களிடம் கருவி இல்லை.

அலுவலகச் சுவரில் பதினெட்டு வருட வரைபடம்.
ஏறுகிறது, விழுகிறது, இன்னும் கீழே விழுகிறது,
திடீரென்று ஏறுகிறது;
ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஜவ்வாது மலையை
யாரோ வரைந்தது போல.
குறுக்கே ஸ்கேல் வைத்து
ஒரு நேர்கோடு இழுத்திருக்கிறோம்.
போக்கு என்று அதற்குப் பெயர்.
அந்தக் கோட்டின் மேல்
ஒரு வருடம்கூட யாரும் விளைவித்ததில்லை.

விலை ஏழாயிரத்தைத் தொட்டது ஒரு வருடம்.
மறுவருடம் ஊரே பருத்தி போட்டது.
ஏலக்கூடத்தில் வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டுப் பிசைந்து
"ஈரம்" என்றார்.
ஒரே சொல்லில் ஆயிரத்து நானூறு போயிற்று.
அதற்கடுத்து இதே மண்ணில் மக்காச்சோளம்.
சோளத்துக்குப் பன்றி வந்தது, குட்டிகளோடு.
அதனால் திரும்பவும் பருத்தி:
பன்றி அதைத் தின்னாது, அவ்வளவுதான்.
மேலிடத்து அறிக்கை இதை
"பரப்பில் மீட்சி" என்றது.

மூன்றாம் எடுப்பு: நானூறு கிராம்,
பழுப்பேறி, விதை முளைவிட்டு.
படிவத்தின் கடைசிக் கேள்வி,
விளைச்சல் குறைந்ததற்குக் காரணம்.
மழை. பூச்சி. பிற.
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

"இன்னா போட்ட சார்?"
காட்டினேன்.
"பிறன்னா?"
இரண்டே எழுத்து. பக்கத்தில் விட்டிருந்த இடம்
ஒன்றரை அங்குலம்.
அவர் சொல்லத் தொடங்கியது
மகளின் நர்சிங் காலேஜ் இரண்டாம் தவணையிலிருந்து.
நான் பேனாவை மூடிவிட்டேன்.

முளைகளைப் பிடுங்கும்போது கேட்டார்,
"அந்தக் கயிறு வேணுமா சார்? ஆட்டுக்கு ஆவும்."
கயிறு அரசாங்கச் சொத்து.
கொடுத்தேன்.
இருப்புப் பதிவேட்டில்
இற்றுப்போனது என்று எழுதினேன்.
காரணம்: மழை.