நாலு என்று நான் சொல்வதில்லை

பெட்டி ஜனவரியில் வந்தது.
டுலூத்தில் ஏரி பாதி உறைந்து, பாதி புகைந்துகொண்டிருந்தது.
லைல் வீட்டு கராஜில்
கையுறையைக் கழற்றாமலே பிரித்தோம்:
முப்பது குறுந்தட்டுகள்.
ஒவ்வொன்றின் மூலையிலும் பெரிய கம்பெனியின் முத்திரை,
மூக்குத்திக் கல் அளவுக்கு.

அட்டையில் நாங்கள் நால்வர்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை,
புகைப்படக்காரர் அப்படித்தான் நிற்கச் சொன்னார்.
என் உதட்டுத் தழும்பை அழித்திருந்தார்கள்.
ஏரியையும்.
எங்களுக்குப் பின்னால் இப்போது ஒரு பாலைவனம்.

வேனை நான் ஓட்டினேன், கிப் தட்டைப் போட்டான்.
முள் எடுத்த மீன் மாதிரி கிதார்.
லைல் பாடுகிறான், அவன் குரலுக்கு மேல் அவன் குரல்,
அதற்கும் மேல் இன்னும் இரண்டு லைல்.
நன்றாகத்தான் இருந்தது.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் இருந்தது.

ட்ரம்ஸ் என்னுடையது இல்லை.

லாஸ் ஏஞ்சலஸில் ஒன்பதாம் நாள்
தயாரிப்பாளர் காப்பி குடிக்கக் கூட்டிப்போனார்.
"மார்லிஸ், பல்லவி வந்ததும் நீ ஓடுகிறாய்."
ஓடுவேன்.
பல்லவி வந்த பிறகும் நடந்துகொண்டிருக்க
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் பிக்கெட் என்று ஒருவர் வந்தார்.
எல்லோருக்கும் டோனட்.
என் ஸ்டூலைத் தாழ்த்தும் முன் என்னிடம் கேட்டுக்கொண்டார்.
பதினொரு பாட்டு, ஒன்றரை நாள், ஒரு பிசகு இல்லை.
வெறுக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன்.
டோனட்தான் கிடைத்தது, இரண்டு தின்றேன்.

ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இருக்கிறது.
கடனில் என் கால் பங்கு இருக்கிறது.
நன்றிப் பட்டியலில் என் நாய்கூட இருக்கிறது.
தட்டில்தான் என் தட்டு இல்லை.

மூன்றாவது பாட்டு முடியும்போது
பாலத்தைத் தூக்கிவிட்டார்கள்.
பருவத்தின் கடைசித் தாதுக் கப்பல்
பனி அப்பிய மூக்கோடு உள்ளே வந்தது.
நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று, மறுபடி அதே மாதிரி
ஊதியது.
பாலம் பதிலுக்கு ஊதியது.
வண்டியை அணைத்தால் ஹீட்டர் போய்விடும் என்று
அணைக்காமல் நின்றோம்.

அப்போதுதான் கேட்டது:
"ஒன்று, ரெண்டு, மூணு..."

என் குரல்.
தொண்டை கட்டியிருந்த செவ்வாய்க்கிழமையின் குரல்.
நாலு என்று நான் சொல்வதில்லை;
நாலாவது இடத்தில் மூச்சை இழுப்பேன், பழக்கம்.
அந்த மூச்சும் இருந்தது.
பிக்கெட் அதற்குக் காத்திருந்து, பிறகு,
சரியாக,
உள்ளே வருகிறார்.

யார் விட்டுவைத்தது?
லைல் கப்பலைப் பார்த்தான்.
கிப் லைலைப் பார்த்தான்.
மூன்று வருஷத்தில் மூன்று வாக்கியம் பேசிய ஆர்வோ
பின் சீட்டிலிருந்து கை நீட்டி
அந்தப் பாட்டை முதலிலிருந்து வைத்தான்.

பல்லவி வந்தது.
ஸ்டியரிங்கில் என் விரல்கள் ஓடின.
தட்டு அரை அடி பின்னால் வந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில் டூர்.
அதற்குள் பிக்கெட் வாசித்ததை நான் பாடம் பண்ண வேண்டும்,
என் பாட்டுகளை, அவர் மாதிரி.

காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்து.
சுரண்டியைக் காணோம்.
கண்ணாடியில் விரல் கனத்துக்குப் பனி.
பையில் இருந்த தட்டின் பெட்டியை எடுத்துச்
சுரண்டினேன்.
நல்ல பிளாஸ்டிக்.
மூலை மட்டும் உடைந்தது,
முத்திரை இருந்த மூலை இல்லை, மற்றது.