திருத்திய இடத்தில் கையெழுத்து

முக்கல்லா, துறைமுகத் தெரு, இரண்டாம் மாடி.
மின்சாரம் இல்லை.
மப்கூத் பாவஸீர் நாற்காலியில் உட்காரவில்லை.
சட்டையில் புகை மணம். தேனீக்காரனின் புகை,
மற்றதல்ல.
"எழுது" என்றான்.

லாரியை ஓட்டியவன் தம்பி ஸாலிமீன்.
ஏற்றியது நூற்றுப் பதினான்கு பெட்டி.
தோஆன் பள்ளத்தாக்கில் இலந்தை பூத்துவிட்டதாகச் செய்தி.
தேனீயை இரவில்தான் ஏற்ற முடியும்,
பகலில் பாதிப் பேர் மேயப் போயிருப்பார்கள்.
பேர் என்றுதான் சொன்னான்.

மேலிருந்து பார்த்தவனுக்கு
விளக்கணைத்த வண்டி,
நீள நீளமான பெட்டிகள்,
வெடித்துவிடுமோ என்பதுபோல்
அவற்றை மெல்லத் தூக்கும் நான்கு ஆண்கள்.

ஆறாம் கேள்வி: தாக்கிய நாடு எது?
வானத்தில் பெயர்ப்பலகை இல்லை.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன், சரி.
எய்தவன் ஊரில் அப்போது
முந்தைய நாளாகவே இருந்திருக்கலாம்,
ஸாலிமீன் இன்னும் சாகாத நாள்.

சாசனத்தின் ஐம்பத்தொன்றாம் பிரிவை வாசித்துக் காட்டினேன்.
ஆயுதத் தாக்குதல் நேர்ந்தால்
தற்காத்துக்கொள்ளலாம்.
நேர்ந்தால் என்றுதான் அச்சில் இருக்கிறது.
பிறகு வந்த வக்கீல்கள் வாயில் அது
நேரவிருந்தால் ஆயிற்று,
நேரக்கூடுமென்றால் ஆயிற்று,
நேராது என்று சொல்ல முடியாவிட்டால்
என்பதுவரை வந்து நிற்கிறது.

"அந்நாட்டு அரசு தடுக்க விரும்பாதபோதோ
இயலாதபோதோ" என்றும் ஒரு வாதம் உண்டு என்றேன்.
சிரித்துவிட்டான்.
எந்த அரசு?
வழியில் மூன்று சாவடி, மூன்று கொடி.
மூன்றுக்கும் ஆளுக்கொரு போத்தல் தேன்.
விரும்பாதவன் ஒருத்தனும் இல்லை.

பிறகு வெகுநேரம் பேசவில்லை.
கீழே மீன்காரர்கள் விலை கூவினார்கள்.

"தேனீக்கும் தற்காப்பு உண்டு.
கூட்டு வாசலில் காவல் நிற்கும்.
கொட்டினால் தானும் சாகும்.
அதனால் கொஞ்சம் யோசிக்கும்."
இதை எங்கே எழுதுவதென்று தெரியாமல்
பிற விவரங்கள் என்ற கட்டத்தில் எழுதினேன்.
கட்டம் சிறியது, கடைசிச் சொல்
விளிம்பில் ஏறிவிட்டது.

பெறுநர் முகவரி: பேனாவை வைத்து எடுத்தேன்.
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

பாதிப் படி இறங்கியவன் திரும்பி வந்தான்.
"நூற்றுப் பதினான்கும் போகவில்லை.
மூன்று பெட்டி பிழைத்தது.
பொய்க்கணக்கு வேண்டாம்."

அடித்து, நூற்றுப் பதினொன்று என்று எழுதினேன்.
திருத்திய இடத்தில் கையெழுத்திட வேண்டும்,
அது விதி என்றேன்.

இட்டான்.