ஏழாம் பின்

வினிபெக். ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
"உள்ளே இருபது இருக்கிறதே" என்கிறார்
வீட்டுக்காரர் ஹல்கோ,
தொப்பியைக் கழற்றாமல்.

அதனால்தான் இந்த உள்ளங்கை அகலப் பலகை,
ஓரத்தில் நாற்பது பின்.
எண்ணி எண்ணிப் பார்த்தும்
முதல் சென்சாரைத் தலைகீழாகச் செருகிவிட்டேன்.
விரலைச் சுட்டது.
இந்த வாரம் இந்த வீட்டில்
சூடான ஒரே பொருள்.

இரண்டாவது சென்சார்
எண்பத்தைந்து டிகிரி என்று சத்தியம் செய்தது.
கம்பளிக்குள்ளிருந்து நிரோஜினி சொன்னாள்:
"இடியப்பம் அவிக்கலாம்."
மஞ்சள், ஊதா, சிவப்பு:
ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போயிருந்தது.

பலகையில் அது ஏழாம் பின்,
நிரலில் அதன் பெயர் நான்கு.
தெரியாமல் ஓர் இரவு முழுக்க
யாருமில்லாத கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
ஒப்பந்தத்தில் 'ஹீட்டிங் உட்பட' என்றொரு வரி உண்டு,
அதற்கும் இந்த அறையில் வேறு பெயர்தான்.

இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுகிறது.
3.10: பதினொன்று.
3.20: பதினொன்று.
3.30: பத்தரை.
நாங்கள் கோட்டோடு தூங்குகிறோம்,
பச்சை விளக்கு தூங்குவதில்லை.

நாளொன்றுக்கு நூற்று நாற்பத்து நான்கு வரி சாட்சியம்.
காலையில் ஹல்கோ வருவார்.
பிரிண்டரில்தான் மை இல்லை.