இரண்டடித் தொட்டி, விற்பனைக்கு

விலை பேசுமுன் சொல்லிவிடுகிறேன், ரெஜினோல்ட்:
இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது.
ஒழுகாது.
மோதிரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு மணல் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.
எதற்காக அப்படி அவசரமாகக் கைவிட்டேன் என்பது
இன்னொரு கதை.

டோஹாவில் மூன்று வருஷம்
ஹோட்டல் ஒன்றின் மீன்தொட்டியை
வெளிப்பக்கம் துடைத்தவன் நான்.
உட்பக்கம் எனக்குத் தெரியாது.
தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான்
தலவாக்கலைக்குத் திரும்பினேன்.

லயத்துக் காம்பராவில் கடல் வைக்கப்போகிறேன் என்றதும்
ஜெபமலர் கேட்டாள்:
"குளிராதா அதுகளுக்கு?"
ஹீட்டர் இருக்கு என்றேன்.
கரண்ட் இருக்கும் என்று அவள் கேட்கவுமில்லை
நான் சொல்லவுமில்லை.

வத்தளையில் வாங்கிய இரண்டு கோமாளி மீன்களைச்
சுவெட்டருக்குள் பொதிந்து பஸ்ஸேறினேன்.
கினிகத்தேனை வளைவுகளில் ஆட்கள் வாந்தியெடுத்தார்கள்.
மீன்கள் சமாளித்தன.
ஆறு வாரம் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிரு,
பிறகு வா என்றிருந்தார் கடைக்காரர்.
மீன் விற்கிறவரே மீன் வாங்காதே என்கிறாரே,
இவருக்கு என்ன பைத்தியமா?
மூன்றாம் நாள் ஒன்று மிதந்தது.
ஐந்தாம் நாள் மற்றது.

பிறகு காத்திருந்தேன்.
உப்பை நிறுத்தேன், தண்ணீரை அளந்தேன்,
கொப்பியில் எழுதினேன்.
எட்டாம் மாதம்
தீப்பெட்டி அளவுப் பவளம் ஒன்று
வெளிச்சம் போட்டதும் விரல் விரித்தது.
நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே
டிவியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள் ஜெபமலர்.
முப்பத்தெட்டு வயது. கடற்கரைக்குப் போனதில்லை.

இறால் ஒன்றும் இருந்தது.
முதுகில் வெள்ளைக் கோடு, மீசை நீளம்.
மீன்களைச் சுத்தம் செய்கிற சாதி.
ஒருநாள் அவள் கையைத் தண்ணீரில் வைத்தபோது
அது ஏறி வந்து
நகக்கண்ணில் இருந்த கொழுந்துக் கறையை
ஒவ்வொரு விரலாகக் கொத்திப் பார்த்தது.
அன்றிலிருந்து மலையிலிருந்து இறங்கினதும்
முதல் வேலை அதுதான்.
தேத்தண்ணிகூடப் பிறகுதான்.

அந்த ஆடி மாதம் வடிகட்டி பழுதாயிற்று.
புதியது வர இரண்டு கிழமை என்றார்கள்.
பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, ரெஜினோல்ட்.
பிடித்து, உப்புக் கலந்து, ஊற்றினேன்.

மேல்மலை ஏழாம் நம்பரில்
கொப்புள நோய்க்கு அந்தக் கிழமைதான் மருந்தடித்தோம்.
செப்பு மருந்து.
தராசில் நிறுத்துக் கொடுத்தது நான்.
கையெழுத்தும் என்னுடையது.
மழை இரவெல்லாம் பெய்தது.

விடிய அது மல்லாந்து கிடந்தது.
மீசை மட்டும் அசைகிற மாதிரி இருந்தது,
கைவிட்டேன்.
பம்பின் ஓட்டத்தில் அசைந்திருக்கிறது.
நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று
மணலில் வாய் திறந்து கிடந்தன.

செம்பு என்று கண்டுபிடிக்க நாலு நாள் எடுத்தது.
இறால் சாதிக்கு ஒரு துளி போதும்,
மனுஷருக்கு இவ்வளவு தாங்கும்
என்றெல்லாம் விளக்கிச் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே குடத்தைத் தூக்கியவள்
வாசலில் நின்றாள்.
"அப்ப நாங்க?"

கொப்பியில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

பவளம் அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் இருந்தது.
நாள் முழுக்கக் கரண்ட் போன அந்தப் பங்குனியில்
போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டோம்,
கம்பளி சுற்றினோம்,
அகப்பையால் விடிய விடியக் கலக்கினோம்.
மண்ணெண்ணெய் தீர்ந்தபோது
அவள்தான் சொன்னாள், போதும் என்று.

கல்லையும் மணலையும் தரமாட்டேன்.
செம்பு அதற்குள் ஏறிக் குந்தியிருக்கும்,
உன் வீட்டில்தான் இறங்கும்.
தொட்டியும் விளக்கும் பம்பும் கொண்டுபோ.
சுவரில் உப்புப் பூத்த கோடு மட்டும் போகாது,
இரண்டு தரம் சுண்ணாம்படித்தும்
மூடுபனி வந்தால் வியர்க்கிறது.

விலையைக் குறைக்கலாம்.
நீ தண்ணீர் எங்கே பிடிப்பாய்?
முதலில் அதைச் சொல்.